நன்றிப் பக்கத்தில் ஒரு வரி

எங்கள் அக்கா கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிறது. முதலாண்டு நினைவு நாளுக்கு ஸ்ரீவைகுண்டம் வீட்டுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், அக்காவிடம் படித்த பிள்ளைகளுக்கும் என் வணக்கம். வாசலில் நின்று உங்களை வாருங்கள் என்று அழைக்க வேண்டியவள் நான். இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் நூலகத்தில் போன வருடமே என் விடுப்பு எல்லாம் தீர்ந்துபோனதால் இந்த முறை வர முடியவில்லை. அதற்கு என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நினைவு மலர் என்றால் இறந்தவரின் நற்குணங்களை எழுதி, கடைசியில் உதவியவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லி முடிப்பது வழக்கம். அக்காவின் நற்குணங்களை எழுதுவதில் எனக்குச் சிரமம் இல்லை. குணக்கேடுகளும் இரண்டொன்று இருந்தன, அவற்றையும் எழுதத்தான் போகிறேன். அந்தக் கடைசிப் பகுதியை நினைத்தால்தான் கை ஓடவில்லை. அக்காவும் நானும் ஆறு வருடம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு நன்றிதான். உறவில் பலருக்கு அது அரையும் குறையுமாகத் தெரியும். முழுவதும் தெரிந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் போய்விட்டார்.

அக்கா பிறந்தது அம்பாசமுத்திரத்தில். அப்பா அங்கே ஓர் அரிசி ஆலையில் எழுத்தராக இருந்தார். எனக்கும் அக்காவுக்கும் எட்டு வயது வித்தியாசம். நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பா மஞ்சள்காமாலையில் இறந்தார். அக்கா அப்போதுதான் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்திருந்தார். படிப்பு முடிந்த கையோடு ஊருக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. அன்றைக்கு இடுப்பில் சொருகிய சேலைத் தலைப்பைக் கடைசிவரை அவர் அவிழ்க்கவில்லை.

அக்காவுக்குச் சமையல் வராது. இதை இங்கே எழுதியதற்கு அத்தான் என்னைக் கோபிக்கமாட்டார். இருபத்திரண்டு வருடம் சாப்பிட்டவர் அவர். அக்காவுக்கு முன்கோபம் உண்டு. தாயம் விளையாடினால் கள்ளாட்டம் ஆடுவார், பிடித்துவிட்டால் கட்டத்தையே கலைப்பார். கணக்குத் தெரியாத பிள்ளையை மன்னிப்பார், எழுதிய கணக்கை அடித்தல் திருத்தலாக வைத்திருக்கும் பிள்ளையை மன்னிக்கமாட்டார். ஆனால் யாருக்காவது ஒரு காரியம் என்றால் சொல்லாமலே போய் நிற்பார். காரியம் முடிந்ததும் சொல்லாமலே வந்துவிடுவார். அவருக்கு யாராவது நன்றி சொல்ல வாய் திறந்தால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார். ஒருமுறை பழைய மாணவர் ஒருவர், நல்ல உத்தியோகத்தில் இருப்பவர், ஆப்பிளும் ஆரஞ்சுமாகப் பை நிறைய வாங்கிக்கொண்டு வந்து, டீச்சர் இல்லாவிட்டால் நான் ஆளாகியே இருக்கமாட்டேன் என்று ஆரம்பித்தார். அக்கா அவரைப் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். பாவம், ஏழு பதினேழிலேயே மாட்டிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் நன்றி என்ற சொல் புழங்கியதே இல்லை. நன்றி இல்லாத வீடு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வந்தால், அந்தக் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க அம்மா விடமாட்டார். கழுவி, ஒரு கை சீனியாவது நாலு முருங்கைக்காயாவது சேர்த்துத்தான் போகும். வெறும் ஏனம் போனால் அந்த வீட்டோடு நமக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அர்த்தம். வாயால் சொன்னால் போதும் என்று ஆகிவிட்டால் ஏனத்தில் யார் என்ன போடுவார்கள்?

நான் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தபோது டைபாய்டு வந்து இரண்டு வாரம் கிடந்தேன். அக்கா தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறி, தூக்குவாளியில் கஞ்சியோடு வருவார். ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, ஒழுங்காகச் சாப்பிடாததற்கு நாலு திட்டுத் திட்டிவிட்டுத் திரும்பிப் போவார். அந்தக் கஞ்சியும் வாயில் வைக்கிற மாதிரி இருக்காது. நான் எழுந்து நடந்தபோது அக்காவிடம் ஒன்றுமே சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. மறு வருடம் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. தைப்பதற்கு ஆள் வைத்திருந்தும், அக்காவின் பின்னலுக்குப் பூ முழுவதையும் நானே உட்கார்ந்து தைத்தேன். பழக்கம் இல்லாத கை, விரலெல்லாம் ஊசிக் குத்து. அக்கா என் விரல்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டார். எங்களுக்குள் கொடுத்ததும் வாங்கியதும் அவ்வளவுதான்.

அத்தானுக்கு ஸ்ரீவைகுண்டத்தில் வாழைக்காய் மண்டி. அக்காவும் அங்கேயே ஒரு பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். ஒரே மகள் பிறந்தாள். சில வருடம் கழித்து எனக்கும் கல்யாணமாகி, கணவரோடு இங்கிலாந்து போனேன்.

அங்கே நான் செய்த முதல் தவறு, நன்றி சொல்லாதது. குடிபோன வாரத்திலேயே அடுத்த வீட்டு அம்மாள் ஒரு தட்டில் கேக் செய்து கொண்டுவந்து கொடுத்தார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, முகம் மலரச் சிரித்து, உள்ளே கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் தட்டைக் கழுவி, பருப்பு வடை வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நம் ஊர்க் கணக்கில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அந்த அம்மாள் அதன்பிறகு என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏன் என்று பல மாதம் விளங்கவில்லை. நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பின் அங்கே கூட இருந்த ஒருத்தியிடம் கேட்டேன். வாங்கும்போது நன்றி சொன்னாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். பின்னே எப்படிப் பேசுவாள் என்றாள்.

அதன்பின் நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன். பஸ் ஓட்டுகிறவருக்கு நன்றி, கடையில் மிச்சம் கொடுப்பவருக்கு நன்றி, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு நன்றி, சாப்பாட்டு மேசையில் உப்பை நகர்த்திய சொந்தக் கணவருக்கும் நன்றி. முதலில் வாய் கூசியது. பிறகு சொல்லாவிட்டால் கூசியது. அது பொய் மரியாதை என்று நான் சொல்லமாட்டேன். வாயால் சொன்னால்தான் மனசில் இருப்பது தெரியும் என்பது அந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை. மனசில் இருப்பதை வாயால் சொன்னால் அது குறைந்துபோகும் என்பது நம் நம்பிக்கை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷி காலை அகட்டி நின்றால் விழத்தான் செய்வாள்.

ஒரு விடுமுறைக்கு வந்திருந்தபோது அக்கா கொடுத்த காப்பிக்கு வாய் தவறித் தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டேன். அக்கா, நான் காப்பிக்கடை நடத்துகிறேனா என்று கேட்டுவிட்டு, போகிற போக்கில் தலையில் ஒரு குட்டு வைத்தார். அன்று எல்லோரும் சிரித்தோம். அந்தக் குட்டிலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

1988-ஆம் வருடம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. அக்கா அம்பாசமுத்திரம் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நான்கு வருடம். காலையில் அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளிக்கூடம் போய், மதியம் ஓடிவந்து புரட்டிப் படுக்கவைத்து, மறுபடி ஓடி, மாலை வந்து மறுபடி முதலிலிருந்து. வாய் குழறிய நிலையிலும் அம்மா அக்காவைத்தான் வைவார். நான் இரண்டு முறை வந்து பார்த்தேன், மருந்து அனுப்பினேன், கடிதம் எழுதினேன். அம்மா என்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பாராம். பக்கத்தில் இருப்பவருக்கு வசவு, தூரத்தில் இருப்பவருக்கு ஏக்கம். இது உலக வழக்கம்தான், ஆனாலும் அதில் லாபம் அடைந்தவள் நான்.

தொண்ணூற்றிரண்டில் அம்மா இறந்தார். திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, நாங்குநேரி வழியாக நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. வாய்க்கரிசி போடாத மகள். இனி செய்ய என்ன மிச்சம் இருக்கிறது என்று தேடினேன். பதினாறாம் நாளுக்கு நினைவு மலர் போட வேண்டும் என்றார்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

மனசார எழுதினேன். கடைசிப் பக்கத்தில் நன்றி. வீட்டுக்கு வந்து வைத்தியம் பார்த்த டாக்டர், துணி வெளுத்துக் கொடுத்த அம்மாள், பந்தல் போட முற்றம் கொடுத்த அடுத்த வீட்டார், சமையல்காரர் எல்லாரையும் எழுதினேன். எல்லாருக்கும் மேலே, முதல் வரியாக, “நான்கு ஆண்டுகள் அம்மாவைக் கண் இமைபோல் காத்த எங்கள் அக்காவுக்கும் அத்தானுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி” என்று எழுதினேன். இங்கிலாந்தில் சாவு வீடுகளில் பார்த்திருக்கிறேன். தாயைப் பார்த்துக்கொண்ட மகளுக்கு எல்லார் முன்னாலும் குடும்பத்தார் எழுந்து நின்று நன்றி சொல்வார்கள். அவள் அழுவாள், கேட்பவர்களும் அழுவார்கள். பார்க்கவே மேன்மையாக இருக்கும். என் அக்கா செய்ததை ஊர் அறியச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசையோடு குற்ற உணர்ச்சியும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. திருநெல்வேலி அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவர் அந்த வரியில் விரலை வைத்து, “இவங்க வீட்டு ஆளுல்லா, தங்கச்சி? இங்கன போடணுமா?” என்று கேட்டார். போடுங்க அண்ணாச்சி என்றேன்.

பதினாறாம் நாள் முதல் பந்தி முடிந்து, வெற்றிலை பாக்கோடு மலரையும் கொடுத்தார்கள். எங்கள் அத்தை ஒருவர், எழுத்துக்கூட்டி உரக்கப் படிக்கிறவர், கடைசிப் பக்கத்தை வாசித்தார். வாசித்துவிட்டு, மூத்தவளையும் ஊராரோடு சேர்த்துவிட்டாளே சின்னவள் என்றார். அக்கா பந்தி விசாரித்துக்கொண்டிருந்தவர், மலரை வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். மடித்துக் கொடுத்துவிட்டு மறுபடி பந்திக்கே போனார். நான் பின்னாலேயே போனேன்.

மாலையில் எல்லாரும் கலைந்த பிறகு அடுக்களையில் கேட்டார்.

“எனக்கு எதுக்குட்டி நன்றி? நான் யாரு வீட்டு அம்மாவப் பாத்தேன்?”

அங்கெல்லாம் சொல்லாமல் இருந்தால்தான் தப்பு, நான் உன்னை உயர்த்தித்தானே எழுதினேன் என்றெல்லாம் சொன்னேன். அக்கா பாத்திரத்தை அடுக்கிக்கொண்டே கேட்டார். பிறகு, “அது அங்க” என்று மட்டும் சொன்னார். நம் ஊர்க் கூட்டங்களில் நன்றியுரை கடைசியில்தான் வரும். அதற்குள் பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நன்றி சொல்லியாயிற்று என்றால் ஆயிற்று, இனி போகலாம் என்று அர்த்தம். அம்மாவின் சாவில் அக்கா மகளாக நின்றார். நான் அவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவைத்தேன். நான் யார் அவரை அனுப்ப? மூன்று நாள் பிந்தி வந்தவள்.

திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வந்தது. அக்காவின் கடிதம் என்றால் முன்பெல்லாம் பாதிப் பக்கம் திட்டுத்தான் இருக்கும். உடம்பைப் பார்க்கிறேனா, கையெழுத்து ஏன் இப்படிக் கோழி கிளறினது போல் இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேனா, இல்லை வெள்ளைக்காரப் பிள்ளைகளாகவே விட்டுவிட்டேனா என்று கொட்டித் தீர்ப்பார். இந்தக் கடிதத்தில், நலம், நலம் அறிய ஆவல், அனைவரும் சுகம், மழை பரவாயில்லை என்று நாலு வரி. அடுத்த கடிதமும் அப்படியே. ஆறு வருடமும் அப்படியே. திட்டாத கடிதத்தை என் அக்கா எழுதினார் என்று என்னால் நம்ப முடியவில்லை. இடையில் இரண்டு முறை வந்தேன். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, பிரயாணம் சௌகரியமாக இருந்ததா என்று கேட்டார். விருந்துக்கு எடுக்கும் கண்ணாடித் தம்ளரில் காப்பி வந்தது. நான் கழுவ எடுத்தால், வைத்துவிடு, மகள் பார்த்துக்கொள்வாள் என்றார். என்னை விருந்தாளி ஆக்கிவிட்டார். அவரை நான் முதலில் வெளி ஆள் ஆக்கினேன் அல்லவா.

போன வருடம் அத்தான் மண்டியிலிருந்து போன் செய்தார். அக்காவுக்குக் கர்ப்பப்பையில் வந்த நோய் ஈரல்வரை போய்விட்டது, டாக்டர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள் என்றார். “ஒண்ணும் அவசரம் இல்ல, பைய வந்தாப் போதும்னு சொல்லச் சொல்லுதா. நீ உடனே பொறப்பட்டு வா” என்றார்.

வந்தேன். அக்கா பாதியாக இருந்தார். சேலைத் தலைப்பைச் சொருகும் இடுப்பு இல்லை. என்னைப் பார்த்ததும், படுத்த இடத்திலிருந்தே மகளிடம் நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அந்த நாற்காலியில் நான் இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தேன். துடைப்பது, புரட்டுவது, ஊட்டுவது எல்லாம் மகள்தான். ஊசி போட ஒரு நர்ஸ் அம்மாள் வருவார். அவர் போட்டுவிட்டுக் கிளம்பும்போதெல்லாம், எவ்வளவு வலியிலும் அக்கா, “ரொம்ப நன்றிம்மா” என்று சொல்லுவார். வெளி மனிதர்களிடம் அக்காவுக்கு அந்த மரியாதை எப்போதும் உண்டு.

மகளுக்குத் திருநெல்வேலியில் பரீட்சை வந்தது. போகமாட்டேன் என்றவளை அக்காதான் வைது அனுப்பினார். அன்று நண்பகலில் அத்தானும் மண்டிக்குப் போயிருந்தார். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அக்காவுக்கு வயிறு போய்விட்டது. படுக்கை முழுவதும். மகள் வரட்டும் என்றார். மகள் வர மாலையாகும். நான் எழுந்து நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்தேன்.

வெந்நீர் போட்டு, துடைத்து, புரட்டி, விரிப்பு மாற்றி, வேறு சேலை சுற்றி, பவுடர் போட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. எலும்பு கையில் இடறியது. அக்கா முழுநேரமும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையணையைச் சரிசெய்து நிமிர்ந்தபோது சொன்னார்.

“ரொம்ப நன்றிம்மா.”

நர்ஸ் அம்மாளிடம் சொல்லும் அதே குரல். நினைவு தப்பி, ஆள் மாறித் தெரிகிறதோ என்று நினைத்தேன். அப்படி இருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

“அக்கா, நான்தான்.”

“தெரியும்ட்டி.”

“பின்ன ஏங்கா அப்பிடிச் சொல்லுத?”

அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கரும்பலகைக்கு முன்னால் ஒரு பிள்ளையை நிறுத்திவிட்டு விடைக்குக் காத்திருப்பாரே, அந்தப் பார்வை.

“எப்பிடி இருக்கு?”

“வலிக்குக்கா.”

“எனக்கு ஆறு வருசமா வலிக்கு.”

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். அக்காவும் அழுதார் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் அழவிட்டார். பிறகு, “போதும்ட்டி. எந்திரிச்சு அந்தத் துணிய ஊறப் போடு, நாத்தம் கொடலப் புடுங்குது” என்றார்.

எழுந்து போய்த் துணியை ஊறப்போட்டேன். இத்தனை வருடத்தில் என் காதில் விழுந்த நல்ல வார்த்தை அதுதான். அன்று முதல் அக்கா என்னை ஒரு நிமிடம் சும்மா இருக்க விடவில்லை. கஞ்சி நீர்த்துப்போயிற்று என்று திட்டு, கெட்டியானால் அதற்குத் திட்டு. தலைவாரத் தெரியவில்லை, இத்தனை வருடம் வெளிநாட்டில் என்ன படித்தேன் என்று திட்டு. என் கையெழுத்தைப் பற்றிக்கூட நிலுவை வைத்திருந்த திட்டைத் திட்டித் தீர்த்தார். கேட்கக் கேட்க ஆறுதலாக இருந்தது. ஒன்பது நாள்தான். பத்தாம் நாள் காலையில், மகள் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, நான் நெற்றியைத் தடவிக்கொண்டிருக்க, அத்தான் அக்காவின் வாயில் ஒரு கரண்டி ஆற்றுத் தண்ணீர் விட, போய்விட்டார். நாற்பத்தெட்டு வயது.

ஒன்பது நாள் கிடைத்ததே என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். ஆறு வருடம் போயிற்றே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அக்காவிடம் குணக்கேடு உண்டு என்று சொன்னேன். முன்கோபமோ கள்ளாட்டமோ ஒரு பொருட்டில்லை. அன்று பந்தியில் கையிலிருந்த கரண்டியாலேயே என் மண்டையில் ஒன்று போட்டிருக்கலாம். ஏட்டி, உனக்குப் புத்தி இருக்கா என்று ஊர் பார்க்கக் கேட்டிருக்கலாம். அழுதுவிட்டு அன்றைக்கே மடியில் படுத்திருப்பேன். அவர் கோபத்தை விழுங்கிக்கொண்டார். மற்றவர்களிடம் அதை ஒருநாளும் விழுங்காதவர், என்னிடம் விழுங்கினார். அது ஒன்றுதான் என் அக்கா செய்த தவறு. முதல் தவறு என்னுடையது, அதைப் பெரிதாக்கியது மௌனம்.

இனி, வழக்கப்படி நன்றி. கடைசிவரை நடந்தே வந்து பார்த்துச் சென்ற டாக்டருக்கும், கை நடுங்காத அந்த நர்ஸ் அம்மாளுக்கும், பத்து நாள் தங்கள் அடுப்பை எங்களுக்காக எரித்த அடுத்த வீட்டாருக்கும், டீச்சரைத் தோளில் தூக்கிக்கொண்டு போன பழைய மாணவர்களுக்கும், இந்த மலரை அச்சிட்ட திருநெல்வேலி அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. இந்த மலரின் கடைசியில் உள்ள நன்றிப் பக்கத்தை எழுதியது அக்கா மகள். அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை பார்த்துத் தாருங்கள் என்று எனக்குத் தபாலில் அனுப்பியிருந்தாள். அத்தான் பெயரை அவள் எழுதவில்லை. தன் பெயரையும் எழுதவில்லை. அந்த அளவுக்கு வீட்டு முறை தெரிந்த பிள்ளை. ஆனால் பட்டியலின் முதல் வரி இப்படி இருந்தது: “கடல் கடந்து வந்து அம்மாவுக்குப் பணிவிடை செய்த எங்கள் சித்திக்கு நெஞ்சார்ந்த நன்றி.”

பேனாவை எடுத்தேன், அடிப்பதற்கு. பிறகு வைத்துவிட்டேன். என்ன பாசத்தோடு அதை எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படித்தானே எழுதினேன். நான்கு வருடம் பார்த்தவரை அந்த வரியில் நான் வைத்தேன். ஒன்பது நாள் பார்த்தவள் அதே வரியில் நிற்க மாட்டேன் என்றால் நியாயம் ஆகாது. திருத்தம் எதுவும் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன். மலரைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், அந்த வரி அங்கேயே இருக்கும்.

இந்தக் கட்டுரையை அக்கா மகளுக்குக் காட்டாமல் நேரே அச்சகத்துக்கு அனுப்புகிறேன். உங்கள் எல்லாரையும் போல அவளும் இன்றைக்குத்தான் படிப்பாள். படித்தவுடன் பதறுவாள். மகளே, பதறாதே. உன் அம்மா விழுங்கியதுபோல் நான் விழுங்கமாட்டேன். பந்தி முடிந்ததும் அப்பாவின் மண்டிக்குப் போய் எனக்குப் போன் போடு. என்னிடம் நன்றாகத் திட்டு வாங்கிக்கொள்.